பொன்னாடைக்கு ஆள் தேடிய டீன்

கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். மருத்துவக் கல்லூரி டீன் தணிகாசலம் பாராட்டு விழா வைப்பார்.

புது மருந்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை, அவர் கல்லூரி நடத்தும் இதழே திருப்பி அனுப்பிவிட்டது. அச்சிடும் முன் கட்டுரையைப் படித்துத் தேறுமா என்று சொல்லும் மதிப்பீட்டாளர் ஒருவர் வேண்டாம் என்றிருந்தார். மதிப்பீட்டாளரின் பெயரை வெளியே சொல்வது வழக்கமில்லை. அந்த ஆளைப் பிடிக்கத்தான் டீன் விழா எடுத்தார். மறைவில் உழைப்பவர்களை மேடையேற்றிக் கௌரவிக்கிறாராம்.

இதழாசிரியர் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். பெயர் தெரிந்த இன்னொருவர் இதழின் அலுவலக உதவியாளர் குணவதி.

"என் கட்டுரையைப் பார்த்தவரைக் கூப்பிடும்மா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் டீன், மேடையில் பொன்னாடையை விரித்தபடி.

குணவதி மைக்கைப் பிடித்தாள். "அவர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார் சார். ஒரு நோயாளி சிகிச்சையைப் பாதியில நிறுத்திட்டதா எழுதியிருக்கீங்க. அவர் எங்க போனார்? பதில் சொல்லுங்க, பேரைச் சொல்லிடறேன்."

"இதென்ன பெரிய கேள்வி? வீட்டுக்குப் போயிட்டார்!" டீன் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

பின்வரிசையிலிருந்து, குணவதி அழைத்து வந்திருந்த அவள் தெருக்காரி செங்கமலம் எழுந்தாள்.

"வீட்டுக்குத்தான் சார் வந்தாரு என் வீட்டுக்காரரு. பொணமா வந்தாரு."

அதன்பிறகு மதிப்பீட்டாளரின் பெயரை யாரும் கேட்கவில்லை. செங்கமலம் மேடையேறி டீன் கையிலிருந்த பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவரை மூடி எடுத்துட்டுப் போக ஒரு துணி கேட்டேன் சார். உங்க ஆஸ்பத்திரியில இல்லேன்னுட்டீங்களே."