வடக்கே போகிற மணல்

வேதாசலத்துக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருடைய குருவுக்கு நாற்பத்திரண்டு. தம்பி வயதுக்காரர் காலில் விழுகிறாரே என்று அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மனைவி பங்கஜவல்லி போன பிறகு அவர் பேசுவதை முழுசாக உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் அந்தத் தயாபர சாமிதான்.

கடலரிப்புத் தடுப்புப் பிரிவில் வேதாசலம்தான் பெரிய இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுற்றுவட்டார ஜனமே திரண்டு வரும் புன்னைத்துறைக் கடற்கரையைக் கடல் தின்றுகொண்டிருந்தது. தெற்கே துறைமுகம் கட்டிய நாளிலிருந்து மணல் வரத்து குறைந்து, இப்போது அலை தார்ச்சாலையைத் தொட்டுவிட்டது. முப்பது வருஷம் சாயங்காலம் தவறாமல் பங்கஜவல்லி கால் புதைத்து உட்கார்ந்த இடத்தில் இன்று இடுப்பளவு தண்ணீர்.

சாமியின் மடத்துக்கு வந்த வேதாசலம் வரைபடத்தைத் தரையில் விரித்தார்.

“ஏழு தூண்டில் வளைவு சாமி. கரையிலேருந்து கடலுக்குள்ள நீட்டமா கருங்கல்லைக் கொட்டிருவோம். மணல் அதுல தட்டி நின்னுரும். ரெண்டே வருஷத்துல பழைய கரை திரும்பிரும். திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டா வேலை ஆரம்பம்.”

“எந்த மணல் தட்டி நிக்கும்?”

“தெற்கேருந்து வடக்கே ஓடுற மணல்தான். கரையோரமா ஓடிக்கிட்டே இருக்கும்.”

சாமி வரைபடத்தின் மேல் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே ஓர் அம்புக்குறி இருந்தது.

“இங்க என்ன இருக்கு?”

“அது வடக்கு சாமி. திசை காட்டுறது.”

“வடக்கு சரி. அந்த இடத்துல என்ன இருக்குன்னு கேட்டேன்.”

வேதாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் எத்தனையோ வரைபடம் பார்த்தாயிற்று. அம்புக்குறிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் கேட்டதில்லை. அவரும்தான் கேட்டதில்லை.

“நகராட்சி எல்லை அதோட முடியுது சாமி. தாளும் முடிஞ்சிருச்சு.”

“வாங்க, பாத்துட்டு வருவோம்.”

கரையோரமாக வடக்கே ஒன்றேகால் மணி நேரம் நடந்தார்கள். வேதாசலம் வழியெல்லாம் பங்கஜத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். சுண்டல்காரனிடம் அவள் ஒருநாளும் பேரம் பேசாததைச் சொன்னார். எழுந்து போகும்போது புடவையைத் தட்டிக்கொள்ளாமல் வீடெல்லாம் மணலாக்கியதையும், அதற்குத் தான் சத்தம் போட்டதையும் சொன்னார்.

அம்புக்குறி இருந்த இடத்தில் இலுப்பைக்குப்பம் இருந்தது. ஐம்பது அறுபது வீடுகள், முன்னால் மணல். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து பிடித்து, இழுக்க இழுக்க ஒருவரையொருவர் நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

கயிற்றின் கடைசியில் நின்ற தனபாக்கியம் என்ற பெண் இவர்களைப் பார்த்தாள். “என்னா வேடிக்க? ஆளு கொறச்சலு. வந்து கயித்தப் புடிங்க.”

சாமி போய்ப் பிடித்தார். வேறு வழியில்லாமல் வேதாசலமும் பிடித்தார். முதல் இழுப்பிலேயே தடுமாறினார்.

“குதிகால நல்லா பொதைச்சு நில்லு பெரியவரே. மணலுதான் ஒன்னத் தாங்கும்” என்றாள் தனபாக்கியம்.

புதைத்து நின்றார். தாங்கியது.

“கரை எப்பவும் இவ்வளவு அகலமாம்மா?” என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

“எங்க! முன்ன இதுல ரெண்டு பங்கு இருந்துச்சி. எல்லாம் தெக்கேருந்து, ஒங்க ஊரு பக்கத்துலேருந்து வர மணலு. ஹார்பர் வந்ததுலேருந்து கொறஞ்சிபோச்சி. இதுவும் நின்னுதுன்னா எங்க நின்னு வலை இழுக்கறது? மணலு போனா கல்லத்தான் கொட்டுவாங்க. கல்லு மேல நிக்க முடியுமா, வழுக்கி வுட்ரும்.”

வேதாசலம் மறுபடி இழுத்தார். நாலைந்து இழுப்புக்குப் பிறகு கயிற்றை விட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்தார். சாமியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வலை இன்னும் கரைக்கு வரவில்லை.

“துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கிக் கிடக்கிற மணலை வாரி நம்ம கரையில கொட்டலாம் சாமி. அந்த வழியும் இருக்கு. ஆனா அது நிக்காது. வருஷா வருஷம் இங்க வந்துரும். வருஷா வருஷம் கொட்டணும்.”

“ம்.”

“எனக்கு நிக்கணும் சாமி. ஊருக்காகன்னு ஃபைல்ல எழுதியிருக்கேன். ஊருக்காக இல்ல. அவ உட்கார்ந்த இடம் ஒண்ணாவது எனக்கு மிஞ்சணும். சாயங்காலம் ஆனா எங்க போறதுன்னே தெரியல. நான் கேக்கக் கூடாதா?”

“கேக்கலாம்.”

“அவ உட்கார்ந்த மணலைத்தானே கேக்கறேன்.”

சாமி கயிறு இழுக்கிறவர்களின் கால்களைப் பார்த்தார்.

“அது மேலதான் அவங்க நிக்கிறாங்க. நகரச் சொல்லட்டுமா?”