பாக்காத்துக்கு ஒரு சொல்

"ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் போதாதா அம்மா?" என்று கேட்டார் ஞானாபரணம்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்தாறு. கேட்கப்பட்டவருக்கு முப்பத்தெட்டு.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பழம் தின்று கொட்டை போட்ட தலைமையாசிரியர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, குருவானவர் ஆகப்போகிறேன் என்று தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன இறையியல் கல்லூரியில் வந்து சேர்ந்திருந்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மற்ற பாடமெல்லாம் எப்படியோ வளைந்துவிட்டது. எபிரெயம் மட்டும் வளையவில்லை.

எபிரெயம் கற்பித்தவர் கனகமணி அம்மா. அதிகம் பேசமாட்டார். மாணவராக இருந்தாலும் ஞானாபரணத்தை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவரைப் பார்த்தால் யாருக்கும் வேறு மாதிரி கூப்பிட வராது.

"எந்தச் சொல், சார்?"

"பாக்காத்."

அம்மா சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"வேதத்தில முந்நூறு தடவைக்கு மேல வருது. படைக்கு ஆளை எண்ணுறாங்க, அதுக்கும் பாக்காத். பிள்ளை இல்லாதவளைக் கடவுள் தேடி வந்து பிள்ளை குடுக்கார், அதுக்கும் பாக்காத். தப்புப் பண்ணினவனைப் பிடிச்சுத் தண்டிக்கார், அதுவும் இதுதான். ஒருத்தனை நம்பி வீட்டையே ஒப்படைக்கிறாங்க, அதுவும் இதுதான். ராஜா பந்தியில ஒருத்தன் வரலை, அவன் இடம் காலியாக் கிடக்கு. அதுக்கும் இதே சொல்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை ஆராதனையில நான் பிரசங்கம் பண்ணணும். சனங்களுக்கு ஒரு சொல் சொல்லணும். தேடி வர்ற கடவுள் கையில பிரம்பு இருக்கா, பலகாரம் இருக்கான்னு தெரியாம நான் என்னத்தைப் பிரசங்கம் பண்ண?"

அம்மா வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆஜர் எடுங்க, சார்."

பழைய ஆள் அல்லவா, எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

"ஏசுவடியான்."

பதில் இல்லை. ஞானாபரணம் கட்டத்தில் ஒரு சுழி போட்டார். அந்த வரிசையில் அது இருபத்தாறாவது சுழி.

"எத்தனை பேர், சார்?"

"எட்டுப் பேர்."

"பெஞ்சில எத்தனை இடம்?"

ஞானாபரணம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவருக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம்.

ஏசுவடியான் முன்னே பஸ் கண்டக்டர். முப்பத்து நாலு வயதில் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவன். எபிரெயப் பரீட்சை அன்று அவன் இடது கை விரலிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. எத்தனையோ காப்பி அடிப்பவர்களைப் பிடித்த கண் ஞானாபரணத்தின் கண். "அம்மா, இங்க பாருங்க" என்று எழுந்து நின்று சொன்னார். பரீட்சை அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஏசுவடியான் குனிந்து தன் கையைப் பார்த்தான். விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனான். அன்றைக்குப் போனவன்தான்.

தொடர்ந்து முப்பது நாள் வராவிட்டால் பேரை அடித்துவிட வேண்டும். அது கல்லூரிச் சட்டம்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க, சார்," என்றார் அம்மா.

"நான் அர்த்தம் கேட்டேன் அம்மா."

"அதுக்குத்தான் போகச் சொல்றேன்."

"நீங்களே போகலாமே?"

"கடிதம் போட்டேன். போன் பண்ணினேன். பதில் இல்லை. அவர் என்னால போகலையே, சார்."

ஞானாபரணத்துக்குச் சுருக்கென்றது.

"போய் என்ன செய்ய? கண்டிக்கணுமா, கூட்டிட்டு வரணுமா?"

"முதல்ல போய்ச் சேருங்க."

புதன்கிழமை புறப்பட்டார். இரண்டு பஸ் மாறி, செம்மணல் மேடு மேடாகக் கிடக்கும் தேரியில் ஒரு மைல் நடை. போகும் வழியெல்லாம் மனசுக்குள் இரண்டு பேச்சு தயார் பண்ணினார். ஒன்று கண்டிக்கிற பேச்சு. இன்னொன்று மன்னிக்கிற பேச்சு. மன்னிக்கிற பேச்சு ரொம்ப நன்றாக வந்திருந்தது. அதில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

வீட்டு வாசலில் ஏசுவடியானின் மனைவி பாக்கியத்தாய் நின்றாள். வெள்ளை வேட்டியையும் குடையையும் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"காலேஜில இருந்தா வாறீய? இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு வந்திருக்கீய?"

ஞானாபரணம் குடையை மடக்கினார். அவள் வழியை விட்டாள்.

கொல்லையில் ஏசுவடியான் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான். வலது கை கயிறு சுற்றியது. இடது கை விரலிடுக்கில், நீளவாக்கில் மடித்த ஒரு துண்டுச்சீட்டு.

"கையில என்னது?"

தலைமையாசிரியர் குரல் அவரைக் கேட்காமலே வந்துவிட்டது.

ஏசுவடியான் பதறி எழுந்தான். பிறகு கையை நீட்டினான். சீட்டில் பென்சிலால் பத்து எபிரெயச் சொற்கள். இன்றைய தேதியும் போட்டிருந்தது.

"இன்னும் படிக்கியா?"

"தெனமும் பத்து சார். விட்டா மறந்துரும்."

"அன்னைக்கும் இதுதானா?"

"ஆமா சார். பதினோரு வருசம் பஸ்ஸில ரூபா நோட்டை மடிச்சு விரலிடுக்குல வச்ச கை. எது கெடச்சாலும் தானா அங்க போயிரும். பரீட்சையில உக்காரும்போது கையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீங்க சொன்ன பெறகுதான் குனிஞ்சு பாத்தேன்."

"அதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"யாரும் கேக்கலையே சார்."

கயிற்றுச் சுருள் பக்கத்தில் ஞானாபரணம் உட்கார்ந்துவிட்டார். கொண்டுவந்த இரண்டு பேச்சும் ஒன்றுக்கும் உதவாமல் போயின. இந்த முப்பத்தொரு வருஷத்தில் இப்படி எத்தனை பேர் கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னோமோ என்று நினைத்துக்கொண்டார்.

"நான் கேட்டிருக்கணும், ஏசுவடியான். கேக்கலை. தப்பு என்னுது."

ஏசுவடியான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாக்கியத்தாய் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"சாப்பிட்டுட்டுப் பேசுங்க."

சோறும் கருவாட்டுக் குழம்பும். அவர் போதும் என்று சொன்ன பிறகும் பாக்கியத்தாய் ஒரு கரண்டி வைத்தாள்.

கை கழுவும்போது ஏசுவடியான் கேட்டான்.

"இப்ப என்னை எதுக்கு சார் தேடி வந்திருக்கீய?"

குரலில் இன்னும் பயம் இருந்தது.

ஞானாபரணம் யோசித்தார். அழகாக எதுவும் வரவில்லை.

"உன் இடம் காலியா இருக்கு."

ஏசுவடியான் ஈரக் கையைத் துடைக்காமலே நின்றான்.

"எத்தன நாள் ஆச்சு சார்?"

"இருபத்தெட்டு."

"முப்பதுல பேரை அடிச்சிருவாங்கல்லா?"

"வெள்ளிக்கிழமை முப்பது."

அவன் மறுபடி கயிற்றை எடுத்தான்.

"லோடு ஏத்தணும். நீங்க பொறப்படுங்க சார். கடைசி பஸ் போயிரும்."

வந்த மாதிரியே தனியாகத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலை. வகுப்பில் எட்டுப் பேர். மூன்றாவது பெஞ்சின் ஓரம் அப்படியேதான் இருந்தது.

"பாக்காத்துக்குச் சொல் கிடைச்சுதா, சார்?" என்று கேட்டார் கனகமணி அம்மா.

"இல்லை அம்மா."

"போய்ச் சேர்ந்தீங்களா?"

"சேர்ந்தேன். பிரம்பை எடுத்துட்டுத்தான் போனேன். அடி எனக்குத்தான் விழுந்தது. அப்புறம் சோறும் போட்டாங்க."

அம்மா சிரித்தார். வகுப்பில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஞானாபரணம் எழுந்து நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்.

"ஏசுவடியான்."

பதில் இல்லை.

பேனா கட்டத்துக்கு மேல் நின்றது. பதில் வராத பேருக்குக் காத்திருக்கிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அன்று காத்திருந்தார். எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"ஏசுவடியான்."

வராந்தாவில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. தோளில் ஒரு முருங்கைக்காய்க் கட்டு, விரலிடுக்கில் பஸ் டிக்கெட். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தான்.

"உள்ளேன் ஐயா."