தூவி தூக்கிய கால்

கொக்கும் நண்டும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், கொக்குகள் இரண்டு காலையும் ஊன்றித்தான் நிற்கும். ஓர் ஏரிக்கரையில் தூவி என்றொரு கிழக்கொக்கு இருந்தாள்.

வயது ஏற ஏறத் தூவிக்குத் தொடைச் சதை வற்றிக்கொண்டே வந்தது. சேற்றில் வைத்த காலை எடுப்பதே பெரும்பாடு. ஒருமுறை அவள் தடுக்கி விழுந்ததைப் பார்த்து மகள் வெள்ளச்சி பதறிப்போனாள்.

"இனி நீ அசையவே வேண்டாம் அம்மா. மீன் உன்னைத் தேடி வரும்."

சொன்னபடியே கொண்டுவந்தும் கொடுத்தாள். உட்கார்ந்தே கிடந்ததில் தூவிக்குப் பசி மந்தமானது. கால்கள் இன்னும் குச்சியாயின.

கோடையில் ஏரி வற்றிக் குட்டை குட்டையாய்ச் சுருங்கியது. கொக்குக் கூட்டம் ஆற்றுப் பக்கம் கிளம்ப ஆயத்தமானது. தூவியும் சிறகை விரித்தாள். தரையை உதைத்து எழும்பக் காலில் வலு இல்லை, குப்புற விழுந்தாள்.

"அம்மாவை விட்டுவிட்டு நான் வரமாட்டேன்" என்றாள் வெள்ளச்சி. அவள் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் தூவியின் நெஞ்சை அறுத்தது. எனக்காக இந்தப் பிள்ளைகள் பட்டினி கிடப்பதா?

தட்டுத்தடுமாறி எழுந்தாள். நின்ற இடமோ ஒரு நண்டின் வளை.

"வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாயே!" என்று நண்டு அவள் விரலை நறுக்கென்று கவ்வியது.

வலியில் காலை வெடுக்கென்று தூக்கினாள். விழப்போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் மற்றொரு கால் தாங்கியது. நடுங்கியது, எரிந்தது, ஆனாலும் தாங்கியது.

"அட, இதில் இன்னும் உயிர் இருக்கிறதே!"

"அப்படியானால் அடுத்த காலையும் தூக்கிப் பார். என் வாசலாவது காலியாகும்" என்றது நண்டு.

தூவி கால் மாற்றி நின்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கடைசிக் குட்டை வற்றும்வரை பொறுங்கள்" என்றாள். மீனோடு வந்த மகளிடம், "அதைப் பிள்ளைகளுக்குக் கொடு. என் மீனை நான் நடந்து பிடிக்கிறேன்" என்றாள்.

அன்றிலிருந்து நாள்தோறும் கால் மாற்றி மாற்றி நின்றாள். விழுந்தாள், எழுந்தாள். பசி திரும்பியது, பிடித்த மீனை மிச்சம் வைக்காமல் தின்றாள். வற்றிய தொடையில் மெல்லச் சதை பிடித்தது. இளமைக் கால் திரும்பவில்லைதான். ஆனால் உதைத்து எழும்பும் அளவுக்கு வலு வந்தது.

குட்டை சேறான அன்று கூட்டம் எழும்பியது. தூவி காலை மடக்கி உதைத்தாள். தரை கீழே போனது.

"அம்மா மேலே வந்துவிட்டாள்!" என்று வெள்ளச்சி கத்தியது ஏரி முழுக்கக் கேட்டது.

ஆற்றங்கரையில் இறங்கியதும் வெள்ளச்சி தானும் ஒரு காலைத் தூக்கி நின்றாள். அவளைப் பார்த்துக் குஞ்சுகளும் தூக்கின.

கொக்கு மீனுக்காகத் தவம் கிடக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கால் வலுவுக்காக அன்று தொட்டுத்தான் அது, கிழமானாலும் குஞ்சானாலும், தண்ணீர்க்கரையில் ஒற்றைக் காலில் நிற்கிறது.