தலைவரின் முதுகுக்குத் தண்ணீர் காட்டியது

அரிசி ஆலை முதலாளி செய்த அநியாயங்கள் வரிசைப்படி இவை. ஒன்று, எழுபத்தைந்து கிலோ மூட்டையை நூறு கிலோ ஆக்கினார். இரண்டு, ஆட்கள் இளைப்பாறிய வேப்பமரத்தை வெட்டினார். மூன்று, தன் அறை வாசலில் இருந்த குடிதண்ணீர்ப் பானையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார். யாராவது வரிசையை மாற்றிச் சொன்னால் சுமைதூக்குவோர் சங்கத் தலைவர் தவசி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

பானை திரும்பி வரும்வரை வேலை நேரத்தில் யாரும் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை, தலைவர் வீட்டிலும் குடிப்பதில்லை என்று சங்கம் தீர்மானம் போட்டது. முதலாளிக்குப் புத்தி வரவில்லை. தவசிக்கு இடுப்புவலி வந்து, ஆள் வில்லாக வளைந்துபோனார்.

திங்கட்கிழமை பேச்சுவார்த்தை. இருபத்திரண்டு வருஷமாக முதலாளிக்குக் கும்பிடு போடாத ஆள் குனிந்தபடி உள்ளே போனால் அவர் என்ன நினைப்பார்? அந்த நினைப்பு தவசிக்கு இடுப்பைவிட அதிகமாக வலித்தது.

செயலாளர் ஒச்சப்பனும் கொடி பிடிக்கும் காத்தவராயனும் அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வு வறண்டாலும் வலி வரலாம், தண்ணீர் நிறையக் குடித்தால் குறைய வாய்ப்புண்டு என்றார் அவர். குடிப்பது என்றதும் மூவரும் தீர்மானத்தை எடுத்து நீட்டினார்கள்.

டாக்டரம்மா அதைப் படித்துப் பெருமூச்சு விட்டார். "மாட்டுக்குக்கூட வேளாவேளைக்குத் தண்ணி காட்டுறீங்க. அந்த முதுகுக்கும் காட்டுங்கய்யா."

காட்டத்தானே சொன்னார். தீர்மானம் பிழைத்தது.

காலையும் மாலையும் காத்தவராயன் தலைவரின் சட்டையைத் தூக்கி, முதுகுக்கு நேரே ஒரு குடம் தண்ணீரைப் பிடித்து நின்றான். வலி அசையவில்லை.

"முதுகுக்குக் கண்ணு இல்லையே தலைவரே," என்றார் ஒச்சப்பன். "எதைக் காட்டினாலும் அதுக்கு எப்படித் தெரியும்?"

ஆகவே அடுப்புக்கரியால் முதுகில் இரண்டு கண் வரைந்தார்கள். மூட்டை தூக்கியதும் வியர்வையில் கரி வழிந்தது.

"அழுவுதுண்ணே," என்றான் காத்தவராயன். "கண்ணுல காட்டிட்டு வாயில ஊத்தாம வச்சா அழாதா?"

தவசி நெஞ்சம் இளகினார். ஆனாலும் முதுகும் சங்க உறுப்பினர்தானே, தீர்மானம் அதையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை வந்தது. குனிவு நிமிரவில்லை. முதலாளியைப் பார்த்துக் குனியாமல் இருக்க ஒரே வழி, பின்பக்கமாக உள்ளே போவது. அப்படியே போனார். குனிந்ததில் சட்டை மேலேறி, முதலாளிக்கு எதிரே அழுத கண்கள் இரண்டு தெரிந்தன. தவசியின் தலையோ வாசலைப் பார்த்துக் குனிந்திருந்தது. வாசலில் ஸ்கூட்டர்.

"எனக்கு இல்லாட்டியும் பரவாயில்லை தவசி," என்றார் முதலாளி. "என் வண்டிக்காவது கும்பிடு போட்டியே."

அன்று மாலையே சங்க அறையில் விசாரணை. நானா குனிந்தேன், முதுகுதானே குனிந்தது என்று தவசி வாதாடினார். எல்லோரும் ஒப்புக்கொண்டு முதுகைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். இனி அது தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம், வாய்தான் குடிக்கக் கூடாது என்றும் முடிவானது.

நீக்கப்பட்டவர் கூட்டத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் தவசி நிலைப்படியில் நின்றார், முன்பக்கம் அறைக்குள்ளும் பின்பக்கம் தெருவிலுமாக. டீக்கடைக்காரரும் பஞ்சர் ஒட்டுபவரும் சாட்சி. சங்கத்தில் எழுத்துத் தெரிந்தவர் தவசி ஒருவர்தான் என்பதால், நீக்கப்பட்டவரின் பெயரை அவரே உரக்க வாசித்தார்:

"பெயர், முதுகு. தகப்பனார் பெயர், தவசி."