யானை ஏன் பதில் சொல்லவில்லை

அந்தக் காலத்தில் புத்தகத்தில் வரைந்த படங்களுக்கும் வாய் இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் போதும், அதில் இருக்கும் விலங்கு பேச ஆரம்பித்துவிடும். நடை பழகும் குழந்தைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுப்பதுதான் அவற்றின் வேலை.

அப்படி ஒரு புத்தகம் குயிலியின் வீட்டுக்கு வந்தது. குயிலிக்கு இரண்டரை வயது. புத்தகத்தில் நான்கே பக்கம், நான்கு விலங்கு. கிளி வணக்கம் சொல்லப் பழக்கும். கரடி நன்றி சொல்லப் பழக்கும். குரங்கு, கையில் இருப்பதில் பாதியைக் கொடுக்கப் பழக்கும். கடைசிப் பக்கத்து யானையின் சொல் 'மன்னிச்சுக்கோ'. யானையின் காதைத் தனிக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தால் பின்னால் ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கும்.

படங்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. தன் சொல்லை ஏழு நாளுக்குள் குழந்தையின் வாயில் வரவழைக்காத விலங்கு அழிந்துபோகும். குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத விலங்கு அதற்குப் பிறகு பேசவே முடியாது.

முதல் நாளிலிருந்தே கிளியும் கரடியும் குரங்கும் வேலையைத் தொடங்கிவிட்டன. "வணக்கம் சொல்லு!" "நன்றி சொல்லு!" "பாதி கொடு!" என்று ஒரே இரைச்சல். குயிலியும் அப்படியே திருப்பிச் சொன்னாள். வாசலில் கீரைக்காரம்மா ஒரு முளைக்கீரைத் தண்டை அவள் கையில் கொடுத்ததும், "நன்றி சொல்லு!" என்று குயிலி அவளையே அதட்டினாள்.

"சரிடி ஆத்தா, நன்றி! கீரையும் கொடுத்து நன்றியும் நான்தான் சொல்லணுமாக்கும்?" என்று கீரைக்காரம்மா சிரித்தாள்.

சொல் வந்துவிட்டது அல்லவா? மூன்று விலங்குகளும் தப்பித்துவிட்டன. யானை மட்டும் ஆறு நாளாக ஒன்றும் சொல்லித்தரவில்லை. குயிலி காதைத் தூக்கினால் சிரிக்கும். கேட்டதற்குப் பதில் சொல்லும். அவ்வளவுதான்.

"காதை ஆட்டிக்கொண்டே இருந்தால் ஆச்சா அண்ணே? நாளையோடு உங்கள் கதை முடிகிறது, நினைவிருக்கிறதா?" என்றது குரங்கு.

"அவள் இன்னும் தப்பே செய்யவில்லையே. எதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்வது?" என்றது யானை.

ஏழாம் நாள் காலை குயிலி வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்கப் பார்த்தாள். அது வரவில்லை. காதைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். காது கையோடு வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோ சொல்லு! சொல்லு!" என்று மூன்று விலங்குகளும் கத்தின. குயிலியின் உதடு பிதுங்கியது. ஓடிப்போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"நல்ல சமயம் அண்ணா, நீங்களும் கத்துங்கள்," என்றது கிளி. "விளக்கு வைப்பதற்குள் அவள் சொல்லாவிட்டால் உங்கள் பக்கம் வெறும் வெள்ளைத்தாள்."

"பயந்து சொல்லும் சொல் எனக்கு வேண்டாம். நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள்," என்றது யானை.

சத்தம் அடங்கியதும் பாதங்கள் நகர்ந்தன. குயிலி மெல்ல வந்து புத்தகத்தின் முன் குந்தினாள். காது இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஆனை, வலிக்குதா?"

'ஆமாம், வலிக்கிறது, மன்னிச்சுக்கோ சொல்லு' என்று யானை சொல்லியிருந்தால் அவளும் அதையே திருப்பிச் சொல்லியிருப்பாள். யானை பிழைத்திருக்கும். குரலும் போயிருக்காது. ஆனால் குயிலி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த யோசனையைக் கலைக்க யானைக்கு மனம் வரவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டது.

குயிலி காத்திருந்தாள். பதில் இல்லை. தன் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "ஸ்ஸ்!" என்றாள்.

"வலிக்குது," என்று அவளே பதில் சொன்னாள். குனிந்து, காகிதத்தின் மேல் "ஃபூ, ஃபூ" என்று ஊதினாள். பிறகு அடுக்களைக்கு ஓடினாள்.

"என்னடி, பசிக்குதா?" என்றாள் அம்மா வடிவு.

"சோறு. ஆனைக்கு."

"ஆனைக்கா? அண்டாவோட தரவா?"

குயிலி ஒரு விரலைக் காட்டினாள். அம்மா கடித உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுவதை அவள் பார்த்திருந்தாள். ஒரே ஒரு பருக்கையை வாங்கிவந்து நசுக்கி, காதை ஒட்டினாள். தலைகீழாகத்தான் ஒட்டினாள்.

"ஆனை, மன்னிச்சுக்கோ. குயிலி பிச்சுட்டா."

இந்தத் தடவை யாரும் சொல்லச் சொல்லவில்லை. விளக்கு வைத்த பிறகும் யானை தன் பக்கத்திலேயே நின்றது. ஆனால் அதன் குரல் போனது போனதுதான்.

மறுநாள் வாசலில் குயிலி தெரியாமல் கீரைக்காரம்மாவின் காலை மிதித்துவிட்டாள். உடனே குனிந்து அந்த வெடித்த பாதத்தின் மேல் ஊதினாள். "மன்னிச்சுக்கோ," என்றாள்.

கீரைக்காரம்மா கூடையைத் தூக்க மறந்து நின்றாள். "இந்தக் காலு தெருத்தெருவா நடந்த காலுடி. ஒருத்தரும் ஊதினதில்ல," என்று அவளைத் தூக்கிக்கொண்டாள்.

திறந்திருந்த புத்தகத்திலிருந்து கிளி இதைப் பார்த்தது. அன்று மதியம் குயிலி அதனிடம், "கிளி, சாப்ட்டியா?" என்று கேட்டாள். ஓயாமல் பேசும் கிளி அலகை மூடிக்கொண்டது.

"சாப்ட்டேன். நீ சாப்ட்டியா குயிலி?" என்று கிளிக்காகக் குயிலியே பேசினாள்.

மறுநாள் கரடியும் வாயை மூடியது. குரங்குக்குத்தான் ஒரு வாரம் பிடித்தது. பாவம், அதற்குப் பேசாமல் இருப்பது அவ்வளவு கஷ்டம். செய்தி ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவ, உலகத்தில் உள்ள படங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் குரலை விட்டுக்கொடுத்தன.

அன்று மூடிய வாயைப் படங்கள் இன்றுவரை திறக்கவில்லை. அதனால்தான் பெரியவர்கள் படித்துக்கொண்டே வந்து, கேள்வி வரும் இடத்தில் நிறுத்திக் காத்திருக்கிறார்கள். குழந்தை படத்தைப் பார்க்கிறது, தானே பதில் சொல்கிறது, குனிந்து காகிதத்தின் மேல் ஊதுகிறது.