புது வாத்தியார் போட்ட சத்தம்

தாவரவியல் துறைக்குப் புதிதாக வந்த உதவிப் பேராசிரியர் சுடலைமணிக்குக் கால் இன்னும் தரையில் பாவவில்லை. படிக்கட்டைக்கூட இரண்டிரண்டாகத்தான் ஏறுவார்.

அன்று துறைக் கூட்டம். வாரம் ஒருநாள் மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் கனவு. இன்று சம்மதம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

எழுந்து மூச்சுவிடாமல் பேசினார். "எங்க யுனிவர்சிட்டியில இப்படித்தான். நாங்க லேபுக்குள்ளயே அடைஞ்சு கிடக்க மாட்டோம். உங்க பசங்களும் போகப்போகப் பழகிக்குவாங்க."

யாரும் மறுக்கவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்போல உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் கோமதிநாயகம் மட்டும், "நல்லா இருக்கு சார், யோசிப்போம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஏதாவது ஒரு அலுவலகத்தில் ஏறி இறங்கிய எவருக்கும் தெரியும்.

துறைத்தலைவர் ஹெப்சிபா டீக்காகக் கூட்டத்தை நிறுத்தினார். சுடலைமணி அவர் பின்னாலேயே போனார்.

"மேடம், இந்த இடத்துக்கு நான் எப்பப் பழகுவேன்?"

ஹெப்சிபா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"மொட்டைமாடிக்குப் போங்க. மலையில பசங்க சேகரிச்ச செடியெல்லாம் காயுது. மழை வரப்போகுது."

சுடலைமணி ஒரே ஓட்டமாக ஓடினார். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துப் பரப்பிய செடிகள். காற்று தாள்களைக் கிளப்பியது. முதல் துளி விழுந்தது. ஒற்றை ஆளாக அள்ள முடியாது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக் கத்தினார்.

"சீக்கிரம் வாங்க, நம்ம செடியெல்லாம் நனையுது!"

டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். கோமதிநாயகம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். ஆளுக்கொரு கட்டாக அள்ளி உள்ளே சேர்த்தபோது மழை பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்கள். தேர் வடம் பிடித்து இழுத்ததுபோல அப்படியொரு சந்தோஷம் சுடலைமணிக்கு.

கூட்டம் தொடர்ந்தது. சுடலைமணி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவதற்குள் கோமதிநாயகம் முந்திக்கொண்டார்.

"ஆத்தங்கரைக்கு என்னிக்குப் போறோம்? வெள்ளிக்கிழமை வேணாம். அன்னிக்கு எனக்கு லேப். நானும் வரணும்."

மற்றவர்கள் கிழமை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சுடலைமணி திகைத்துப்போய்த் தலைவர் பக்கம் குனிந்தார்.

"மேடம், நான் இன்னும் முழுசா விளக்கவே இல்லையே."

"விளக்கிட்டீங்க தம்பி," என்றார் ஹெப்சிபா. "மாடியில நின்னு 'நம்ம செடி'ன்னு கத்தினீங்க. கீழ எல்லாருக்கும் கேட்டுச்சு."