செம்மண் சறுக்கு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்துச்சு... இப்படித்தானே ஆரம்பிப்பேன்னு வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? மூடுங்க, ஈ போயிடும். இந்தக் காட்டுல சிங்கமே கிடையாது. நரி உண்டு, ஆனா அதுக்கும் இன்னைக்குத் தந்திரம் எதுவும் தோணலை.

இங்க காட்டெருமைதான் தலைவர். காட்டோரத்துல ஒரு செம்மண் மேடு. உச்சியில உக்காந்தா சர்ர்ர்ருன்னு கீழ வந்து சேரலாம். "யாரும் சறுக்கக் கூடாது! காட்டு மானமே போயிடும்!"னு தலைவர் சட்டம் போட்டிருந்தாரு.

ஒருநாள் முள்ளம்பன்றி சறுக்கிடுச்சு. பாவம், முள்ளெல்லாம் கலகலன்னு ஆடி ஊரையே கூட்டிடுச்சு.

அப்போ கடுங்கோடை. மிச்சமிருந்தது ஒரே ஒரு வட்டக் குட்டை. குடிக்கத்தான் தண்ணி, குளிக்கத் தடை. எல்லாரும் சுத்தி நின்னு குடிப்பாங்க, எதிரெதிர் மூஞ்சி மட்டும் தெரியும்.

குட்டை நடுப்பாறையில முள்ளம்பன்றியை நிறுத்தினாங்க. அங்கேயே குடியிருந்த தவளை கொஞ்சம் நகந்து இடம் விட்டுச்சு.

"ஏன்டா சறுக்குன?" தலைவர் உறுமினாரு.

"சும்மாதாங்க... நல்லா இருந்துச்சுங்க."

"நல்லா இருந்துச்சாமே!" மான் மூக்கைச் சுளிச்சுச்சு. "வெக்கங்கெட்டது!"

"பாதி வழியில வயித்துல ஒரு கூச்சம் வருமே, அதுக்கு ஆசைப்பட்டு... சீச்சீ!"ன்னுச்சு குரங்கு.

"மழை வர்ற வரைக்கும் உனக்கு இங்க தண்ணி கிடையாது. கிளம்பு!"ன்னாரு தலைவர்.

"ஐயா, அடுத்த தண்ணி மூணு மலை தாண்டிங்க. எனக்குக் குட்டைக் காலுங்க. உசுரோட போய்ச் சேர மாட்டேனுங்க."

"எல்லாரும் இவனுக்கு முதுகைக் காட்டுங்க!"

அதுதான் அந்தக் காட்டு வழக்கம். முதுகைக் காட்டிட்டா ஒதுக்கிட்டாங்கன்னு அர்த்தம். அத்தனை பேரும் டபக்குன்னு திரும்பினாங்க.

அழ வாயெடுத்த முள்ளம்பன்றி அப்படியே நிறுத்திடுச்சு.

தவளை கண்ணை உருட்டிப் பார்த்துச்சு. மானுக்குப் பின்னாடி செம்மண். நரி வால் முழுக்க செம்மண். குரங்குக்குப் பொறந்ததுலேருந்தே செவப்புதான், ஆனா இப்போ கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு. தலைவருக்கோ, ஒரு சுவரே பூசலாம், அவ்வளவு அப்பியிருக்கு!

"அடப்பாவிங்களா!" தவளை கத்துச்சு. "எல்லாருக்கும் பின்னாடி செவப்பா இருக்கே! இப்ப எல்லாரும் மூணு மலை தாண்டிப் போறீங்களா, இல்ல என்னையும் அந்த மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

நீதி: ஒருத்தரை ஒதுக்கி முதுகைக் காட்டுறதுக்கு முன்னாடி, நம்ம முதுகுல என்ன ஒட்டியிருக்குன்னு பார்த்துக்கணும்.